ஒத்தை ரூமுக்கு ஒரு மாப்பிள்ளைக் கட்டில்

1

மூணு பேரு இருக்கப்போற ஒத்தை ரூமுக்கு ஆறு நாற்காலியோட ஒரு சாப்பாட்டு மேஜை வாங்கிப் போட்ட ஆளு இந்தச் சிங்கப்பூர்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். மேஜையோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. நாலு மூலையிலயும் கடைஞ்ச தூணு வச்சு, மேல சட்டம் அடிச்ச பெரிய கட்டில் ஒண்ணு. ஆளுயரக் கண்ணாடி பதிச்ச ரெட்டைக் கதவு அலமாரி ஒண்ணு. எல்லாத்தையும் உள்ள ஏத்தின பிறகு பாத்தா வாசக்கதவு பாதிதான் தொறக்குது. பாதிக் கதவு வழியா என் தொந்தி நேராப் போகாது. அதனால எனக்குன்னு கெடைச்ச மொத வீட்டுக்குள்ள நான் நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து போய்க்கிட்டிருந்தேன். இதுல கூத்து என்னன்னா, என் உத்தியோகமே ஹார்பர் குடோன்ல ஸ்டோர் கீப்பர். எந்தப் பெட்டியை எங்கன அடுக்கினா எடம் மிச்சமாகும்னு நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துச் சம்பளம் வாங்குறவன்.

அந்தச் சாமானெல்லாம் வாங்கி இந்த மாசத்தோட அஞ்சு வருஷம் ஆகுது. எனக்கே மறந்துபோயிருக்கும். போன ஞாயித்துக்கெழமை நம்ம ஊர்க்காரத் தம்பி ஒருத்தர் தேடி வந்தாரு. அவருக்கும் கவர்மெண்டு அடுக்கு வீட்டுல ஒரு ரூம் கெடைச்சிருச்சாம். ஊர்ல இருந்து குடும்பத்தைக் கூட்டியாரப் போறாராம். "என்னென்ன சாமான் வாங்கணும் காக்கா? நீங்க அனுபவஸ்தரு, சொல்லுங்க"ன்னு பவ்யமாக் கேட்டாரு. எங்கள்ல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விவரமா ஊர்ப் பத்திரிகைக்கும் எழுதிப் போடுவோம்னு ஒக்காந்திருக்கேன். நாளைக்கு உங்கள்ல யாராச்சும் கப்பல் ஏறி வந்து நண்டு மாதிரி நடக்கக் கூடாது பாருங்க.

2

எங்க கீழக்கரைப் பழக்கம் எங்களுக்குத் தெரியும். கமுதிப் பக்கம், உத்தரகோசமங்கைப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். எங்கள்ல வீடு பொம்பளைப் புள்ளைக்குத்தான். கல்யாணம் ஆனா பொண்ணு எங்கயும் போகாது. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போவாரு. அவருக்குன்னு அங்கன ஒரு அறை இருக்கும். மாப்பிள்ளை அறைன்னு பேரு. வாசல்ல நின்னு ஒரு இருமல் இருமிட்டுத்தான் உள்ள போகணும். அதைக் கேட்டு பொம்பளைங்க ஒதுங்கிக்குவாங்க.

என் மாமனார் கமுதிச் சந்தையில மொளகா வாங்கி விக்கிற வியாபாரி. அவரு மகளுக்குப் போட்டுக் குடுத்த அறை ராசா வீட்டு அறை மாதிரி இருக்கும். தேக்குல கடைஞ்ச கட்டில். வெள்ளைக் கொசுவலை. செவத்துல நிலைக்கண்ணாடி. நான் ஒக்காந்து சாப்பிட ஒரு மேஜை, நாற்காலி. மூணு வருஷத்துக்கு ஒருக்கா லீவுல போவேன். போன நாள்ல இருந்து கெளம்புற நாள் வரைக்கும் ஒரு சொம்புத் தண்ணி நானா மோந்து குடிச்சதில்லை. ஒரே ஒரு தொந்தரவு, அந்த அறைக்குள்ள மொத நாலு நாளைக்கு எனக்குத் தும்மல் நிக்காது. கடல்காத்து ஒத்துக்கலைன்னு மாமி, அதான் என் மாமியார், சொல்லுவாங்க. கடல் மேலயே வாரம் கணக்கா வந்தவனுக்குக் கடல்காத்து எப்படி ஒத்துக்காமப் போகும்னு நான் யோசிச்சதில்லை. மாப்பிள்ளைமாரு யோசிக்கிற வழக்கம் இல்லை.

ஒரு தடவை தந்தியில சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முந்தியே போய் எறங்கிட்டேன். அன்னைக்கு மாமி காட்டின பிரியத்தை வருஷக்கணக்கா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். அறைக்குப் போகவே விடலை. முன்கூடத்துலயே ஒக்கார வச்சு ஆட்டுக்கால் சூப்பு, அப்புறம் வட்டலப்பம், அப்புறம் மறுபடியும் சூப்பு. பொழுது சாயுற வரைக்கும் விடலை. இப்பேர்ப்பட்ட மாமி யாருக்குக் கெடைப்பாங்கன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

இதைத் தவிர நான் பாத்த தட்டுமுட்டுச் சாமான் என்ன? எங்க உம்மா வீட்டுல பாயி. சிங்கப்பூர்ல ஊர்க்காரங்க கூட்டாத் தங்குற மாடியில ஒரு கான்வாஸ் கட்டில். அதுவும் பாதிதான் எனக்கு. ராத்திரி வேலைக்காரர் படுத்து எந்திரிச்சுப் போன சூட்டுல நான் படுக்கணும், நான் எந்திரிச்ச சூட்டுல அவரு படுப்பாரு. ஆக நாப்பத்திமூணு வயசு வரைக்கும் ஒரு முக்காலியக்கூட நான் பாத்து வாங்கினதில்லை.

கடைசியா லீவுல போனப்ப எம் மக பரீதாவுக்கு எட்டு வயசு. என்னைப் பாத்து "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா"ன்னுச்சு. ஓதுற பள்ளியில பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிட்டு, சரியாச் சொன்னோமான்னு உம்மா மூஞ்சியப் பாத்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்தத் தடவை தனியாக் கப்பல் ஏறுறதில்லைன்னு. குடும்பத்தைக் கூட்டிப்போறேன்னு சொன்னதும் மாமி பாக்கு வெட்டுறதை நிப்பாட்டிட்டாங்க. நம்ம தெருவுல எந்தப் பொம்பளை கப்பல் ஏறியிருக்கான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லச் சொல்ல அவங்க பாக்குவெட்டியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு வாரம் இந்தப் பேச்சு நடந்துச்சு. கடைசியில என் சம்சாரம் மைமூன்தான் வழி சொன்னா.

"ஆறு மாசம் வந்து பாக்குறேன் மச்சான். இருக்க முடிஞ்சா இருக்கேன். முடியலைன்னா நீங்களே கூட்டிப்போய்க் கப்பல் ஏத்தி விட்டுரணும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

வாக்குக் குடுத்துட்டு, வீடு பாக்குறதுக்கு நான் முன்னாடி கப்பல் ஏறினேன்.

3

வீட்டு ஆபீஸ்ல போய் மனுக் குடுத்தா, குடும்பம் எங்கன்னு கேட்டாங்க. ஊர்ல இருக்குன்னேன். ஊர்ல இருக்குற குடும்பத்துக்கு இங்க எதுக்கு வீடு, குடும்பம் வந்த பிறகு வான்னாங்க. சரின்னு குடியேற்ற ஆபீஸுக்குப் போனேன். குடும்பத்தை எங்க வைக்கப் போறேன்னு கேட்டாங்க. வீட்டுக்கு மனுக் குடுத்திருக்கேன்னேன். வீடு கெடைச்ச பிறகு வான்னாங்க. ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல ஒரு காப்பிக் கடை இருந்துச்சு. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போய் வந்து, அந்தக் கடைக்காரருக்கு நான் எப்ப வருவேன், எத்தனை சக்கரைன்னு மனப்பாடம் ஆயிருச்சு. குடியேற்ற ஆபீஸ்ல ஒருத்தர், கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல எத்தனை நாள் சேந்து இருந்தீங்கன்னு கேட்டாரு. வெரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவரு பேனாவை மூடி வச்சுட்டு என்னையே பாத்தாரு. இரக்கத்துலயா சந்தேகத்துலயான்னு தெரியலை. நான் விடலை. லீவு நாளெல்லாம் போய் நின்னேன். இவன் தொல்லை தீரட்டும்னு நெனைச்சாங்களோ என்னவோ, கடைசியில ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

ரூம் நாலாவது மாடி. ஒரே அறை, ஓரத்துல ஒரு சமையக்கட்டு. சாவியை வாங்கித் தொறந்து நடுவுல நின்னேன். காலி ரூமை மாதிரிப் பொய் சொல்றது எதுவும் இல்லை. மைதானமாத் தெரிஞ்சுச்சு.

அந்த நேரம் பாத்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பிப் போறாரு, பங்களாச் சாமான் எல்லாம் விக்கிறாருன்னு கேள்விப்பட்டேன். என்கூட மாடியில தங்கியிருந்த காதர் காக்கா, என்னைவிட ரொம்ப மூத்தவரு, தொணைக்கு வந்தாரு. அந்தக் கட்டிலைப் பாத்ததும் எனக்கு மாமனார் வீடு கண்ணு முன்னாடி வந்துருச்சு. தேக்குக் கட்டில்ல வளந்தவளை நான் எதுல படுக்க வைப்பேன்? கண்ணாடி அலமாரியும் அப்படித்தான். மேஜையும் அப்படித்தான். காதர் காக்கா ஒரு தடவைதான் சொன்னாரு, ஏலே செய்யது, பங்களாவையும் சேத்து விக்கிறாங்களான்னு கேளுன்னு. நான் சிரிக்கலை. லிப்ட்டு நம்ம மாடியில நிக்காது, அதுல கட்டிலும் போகாது. ஆளு வச்சுப் படியில தூக்கி, உள்ளயே வச்சு மாட்டி, மேல கொசுவலையும் கட்டிட்டு வேர்வையத் தொடைச்சுக்கிட்டு நின்னேன். மாமி பாத்தா வாயடைச்சுப் போவாங்கன்னு தோணுச்சு.

4

கப்பல்ல வந்து எறங்கி, டாக்சியில வந்து, நாலு மாடி ஏறி, பாதிக் கதவு வழியா மைமூன் உள்ள எட்டிப் பாத்தா.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான். நாம எங்கன இருக்குறது?"ன்னா.

களைப்புல பேசுறான்னு நெனைச்சேன். மறுநாள்தான் புரிய ஆரம்பிச்சுச்சு. நாங்க தரையில சுத்தி ஒக்காந்து சஹன்னு சொல்ற பெரிய தட்டுல சேந்து சாப்பிடுற ஆளுங்க. தரைன்னு ஒண்ணு இருந்தாத்தானே ஒக்கார? மேஜையில சாப்பிட்டோம். பரீதாவுக்கு நெத்தி மட்டும்தான் மேஜைக்கு மேல தெரியும். தட்டுல என்ன இருக்குன்னே தெரியாமக் கையை விட்டுத் தொழாவி மீனை எடுக்கும், கெணத்துல பாதாளக் கரண்டி போட்ட மாதிரி. ரெண்டாம் நாள் நாற்காலியோட சாஞ்சு விழுந்துச்சு. விழக்கூடத் தரை இல்லை, கட்டில் மேலதான் விழுந்துச்சு.

தொழுகை அதைவிட மோசம். அலமாரி கொள்ளுற செவரு மேற்குச் செவரு ஒண்ணுதான். நாங்க பாத்துத் தொழுற தெசையும் அதுதான். நான் தக்பீர் சொல்லிக் கையைக் கட்டினா எதுத்தாப்புல ஒரு தொந்திக்காரன் கையைக் கட்டுறான். நான் குனிஞ்சா அவனும் குனியுறான். மைமூன் ஒவ்வொரு வேளைக்கும் கண்ணாடி மேல போர்வையப் போட்டு மூடுவா. நான் தொழுறப்ப பாதியில போர்வை நழுவும். மறுபடியும் அந்த ஆளு வந்துருவான்.

படுக்கை விஷயத்தையும் சொல்லிடுறேன். தாயும் மகளும் கட்டில்ல. எனக்கு மிச்சம் இருந்த ஒரே தரை மேஜைக்கு அடியிலதான். இத்தனை வருஷம் அடுத்தவன் சூட்டுல படுத்தவன், சொந்தக் கட்டில் வாங்கிட்டு மேஜைக்கு அடியில படுத்தேன். பாங்கு சொன்னதும் எந்திரிச்சா நெத்தியில மேஜை இடிக்கும். குடோன்ல எல்லாரும் என் நெத்தித் தழும்பைப் பாத்து, தொழுது தொழுது வந்ததுன்னு மரியாதையாப் பேச ஆரம்பிச்சாங்க. நான் மறுக்கலை.

பக்கத்து வீட்டுல ஒரு மலாய்க்காரம்மா. அவங்க பேசுறது மைமூனுக்குத் தெரியாது, இவ பேசுறது அவங்களுக்குத் தெரியாது. ஆனா கட்டிலுக்கு அவங்களும் காத்தில்னுதான் சொல்றாங்க. அலமாரி அல்மாரி. மேஜை மேஜாதான். பெட்டி பெத்தி. ஆக ரெண்டு பேரும் என் சாமானைப் பத்தி மட்டும் தாராளமாப் பேசிக்கிட்டாங்க. என்ன பேசினாங்கன்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை.

பரீதாவுக்கு அந்த வீடே கதின்னு ஆயிருச்சு. காலையில போனா பொழுது சாயுறப்பதான் வரும். சோறுன்னு கேக்காம நாசின்னு கேக்க ஆரம்பிச்சுச்சு. நான் தமிழ்ல கேட்டா அது மலாய்ல பதில் சொல்லும். எம் மக எங்கிட்ட பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் பேசுதுன்னு வருத்தப்பட்டுக் கூட்டியாந்தேன். இப்ப அதுவும் போச்சு. ஒரு நாள் இழுத்துப் புடிச்சு வச்சு, எப்பப் பாத்தாலும் ஏம்மா அங்கனயே இருக்கேன்னு கேட்டேன். "அங்கன வெளையாடத் தரை இருக்கு வாப்பா"ன்னுட்டு ஓடிருச்சு.

5

ரெண்டு மாசம் இப்படிப் போச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை காதர் காக்கா ஊர்க்காரங்க மூணு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. எனக்குச் சந்தோஷம். மொதத் தடவையா நாற்காலிக்கெல்லாம் வேலை வந்துச்சு. ஊர்க்கதை, யாரு வீட்டுல நிக்காஹ், யாரு வீட்டுக் கெணத்துல தண்ணி உப்பாயிருச்சுன்னு மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ஒக்காந்தவங்க சாயங்காலம் அஸர் தொழுகைக்குத்தான் எந்திரிச்சாங்க.

அந்நிய ஆம்பளைங்க இருக்குற எடத்துக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க வர மாட்டாங்க. ஊர்ல அதுல ஒரு கஷ்டமும் இல்லை. பொம்பளைங்க பக்கம்தான் வீட்டுல பாதிக்கு மேல. பொம்பளைங்க மட்டும் போற சந்தே இருக்கு. கொல்லை வழியா அப்படியே நாலு வீடு போய்ப் பேசிட்டு வருவாங்க. இங்கன இருக்குறது சமையக்கட்டு ஒண்ணுதான். அதுல ஒரு ஆளு நின்னா ரெண்டாவது ஆளு மூச்சு விடணும்னா முன்கூட்டியே சொல்லணும். அவங்க போன பிறகு மைமூன் வெளியில வந்தா. மண்ணெண்ணெய் அடுப்புப் பொகையில கண்ணு செவந்திருந்துச்சு. முந்தானையால கழுத்தைத் தொடைச்சுக்கிட்டுக் கட்டில் ஓரத்துல ஒக்காந்தா.

"அடுத்த கப்பல் எப்ப மச்சான்?"

கோவமாக் கேட்டிருந்தாச் சமாளிச்சிருப்பேன். மணி என்னன்னு கேக்குற மாதிரிக் கேட்டா. மறுநாள் கப்பல் ஆபீஸ்ல விசாரிச்சேன். மூணு வாரத்துல இருக்குன்னாங்க. வந்து அப்படியே சொன்னேன். ஆறு மாசம் இன்னும் ஆகலையேன்னு நான் வாதாடலை. குடுத்த வாக்கு குடுத்ததுதான். ஆனா கப்பல் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன்னு நான் யாருக்கும் வாக்குக் குடுக்கலையே.

அந்த வாரமே மேஜையும் ஆறு நாற்காலியும் எறங்கிப் போச்சு. நம்ம ஊர்க்காரர் சாப்பாட்டுக் கடை ஒண்ணுல போட்டேன். கதவு முழுசாத் தொறந்துச்சு. நேரா நடந்து உள்ள வந்தேன். பெருமையா மைமூனைப் பாத்தேன். அவ கட்டிலைப் பாத்தா.

"இதையும் கழட்டிருங்க"ன்னா.

அதுல மட்டும் நான் பிடி குடுக்கலை. ஆம்பளைக்கும் ஒரு ரோஷம் இருக்குல்ல. தேக்குக் கட்டில்ல படுத்துப் பழகினவளைக் கட்டாந்தரையில போட்டேன்னு மாமி காதுக்குப் போனா, அந்த வாசல்ல போய் நான் இருமக்கூட முடியாதுன்னு சொன்னேன். கப்பலை விட்டு எறங்கினதுல இருந்து சிரிக்காதவ அன்னைக்குத்தான் சிரிச்சா. சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வாயில வச்சுக்கிட்டா.

"அந்தக் கட்டில்ல நான் எப்பப் படுத்தேன் மச்சான்? நீங்க வந்து இருக்குற நாள்லதான். நீங்க கப்பல் ஏறின மறுநாளே உம்மா அதைக் கழட்டிப் பரண்ல ஏத்திருவாங்க. இல்லாட்டி வாப்பாவோட மொளகா மூட்டையை எங்கன அடுக்குறது?"

நான் தும்மினது எதுக்குன்னு மொதல்ல புரிஞ்சுச்சு. அப்புறம் அந்த ஆட்டுக்கால் சூப்பு. ரெண்டு நாள் முந்தி நான் போய் நின்னப்ப, மாமி என்னை முன்கூடத்துல புடிச்சு வச்சுச் சூப்பு ஊத்தினாங்களே, அந்த நேரம் உள்ள இவளும் இவ தங்கச்சிமாரும் மூட்டையைக் கொல்லைக்கு உருட்டிக்கிட்டு, பரண்ல இருந்து கட்டிலை எறக்கி மாட்டிக்கிட்டிருந்திருக்காங்க. ஒரு தூணு எங்கன போச்சுன்னு தெரியலையாம். அதைத் தேடித்தான் ரெண்டாவது சூப்பு.

நானும் சிரிச்சேன். பதினாலு வருஷமா அந்தக் கான்வாஸ் கட்டில்ல படுத்துக்கிட்டு, கொசுவலைக்குள்ள தேக்குக் கட்டில்ல எம் பொஞ்சாதி தனியாப் படுத்திருக்கான்னு நெனைச்சு நெனைச்சு உருகியிருக்கேன். அங்கன படுத்திருந்தது கமுதி மொளகா. இவ தங்கச்சிமாரோட கூடத்துல பாய் விரிச்சு, விடிய விடியப் பேசிட்டுத் தூங்கியிருக்கா.

அவ சிரிப்பு நின்ன பிறகு நெதானமாச் சொன்னா:

"நீங்க இங்கன போட்டு வச்சிருக்குறது வீடு இல்ல மச்சான். மாப்பிள்ளை அறை. இது மாப்பிள்ளை வந்துட்டுப் போறதுக்கு ஆகும். இருக்குறதுக்கு ஆகாது."

ஒரு வீட்டுல அந்த ஒரு அறையைத் தவிர நான் எதைப் பாத்தேன்? அதுவும் எனக்காகச் சோடிச்சு வச்ச பிறகுதான் என்னை உள்ள விட்டிருக்காங்க. அதைத்தான் வீடுன்னு நெனைச்சு, கட்டில், கண்ணாடி, மேஜைன்னு ஒண்ணு விடாமப் பாத்துப் பாத்து வாங்கியிருக்கேன். அம்மியை எங்கன போடுறது, மீனை எங்கன ஒக்காந்து அரியுறது, ஈரத்துணியை எங்கன காயப் போடுறதுன்னு ஒண்ணுகூட என் புத்திக்கு எட்டலை.

6

கட்டிலை நானே கழட்டினேன். வித்துருவோம்னு சொன்னா மைமூன் விடலை. அதுல இருந்த பலகையெல்லாம் சமையக்கட்டு வாசலுக்கு மேல பரணாப் போச்சு. எங்க டிரங்குப் பெட்டி, மாமி குடுத்தனுப்பின சாயல்குடிக் கருப்பட்டிப் பெட்டி எல்லாம் அதுக்கு மேல ஏறிருச்சு. கடைஞ்ச தூணு ரெண்டை ஓரத்துல நட்டு நடுவுல கயிறு கட்டினா. விடிஞ்சதும் பாயி, தலகாணி எல்லாம் சுருட்டி அந்தக் கயித்துல ஏறிரும். தரை முழுக்க எங்களுக்கு. பரீதா பக்கத்து வீட்டுப் புள்ளைங்களை இங்கன கூட்டியாந்து வெளையாட ஆரம்பிச்சுச்சு. பேச்சு மலாய்தான். சண்டை மட்டும் தமிழ்ல போட்டுச்சு. அதுவரைக்கும் லாபம்னு விட்டுட்டேன்.

கண்ணாடி அலமாரியையும் தள்ளிவிட்டுருவோம்னு நான் கெளம்பினப்ப, அதுல கை வைக்காதீங்கன்னுட்டா. ரெண்டு நாள் அதைச் சுத்திச் சுத்தி வந்தா. மூணாம் நாள் என்னை ஒரு பக்கம் புடிக்கச் சொல்லி, அவ ஒரு பக்கம் தள்ளி, அதைச் செவத்தை விட்டு இழுத்து அறைக்கு நடுவுல குறுக்க நிப்பாட்டினா. முதுகு வாசப்பக்கம். கண்ணாடி உள்பக்கம். மேற்குச் செவரு வெறுஞ்செவரு ஆச்சு. இனிமே தொந்திக்காரன் தொந்தரவு இல்லாமத் தொழலாம். வாசலுக்கும் அலமாரிக்கும் நடுவுல ஒரு பாய் விரிச்சா ஆம்பளைங்க ஒக்கார எடம். அலமாரிக்கு அந்தப் பக்கம் முழுக்க அவ ராஜ்ஜியம். இத்தனை பெரிய அலமாரியை வாங்கின முட்டாள்தனத்துலயும் ஒரு நன்மை இருந்துச்சு. சின்ன அலமாரியா இருந்தா அது செவரா நின்னிருக்காது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான். மொதல்ல ஒண்ணும் வாங்காதீங்க. ஒரு பாயும் ஒரு அடுப்பும் போதும். அவங்க வந்து எங்கன ஒக்காருறாங்க, எங்கன படுக்குறாங்க, எங்கன மொகத்தைத் திருப்பிக்கிறாங்கன்னு ஒரு மாசம் பாருங்க. பகல்ல சுருட்டி வைக்க முடியாத எதையும் வாங்குறதுக்கு முந்தி ஒரு தடவை யோசிங்க. செவரை அளக்குறதுக்கு முந்தி தலைக்கு மேல பாருங்க. சாமான் வைக்கிற எடம் அங்கனதான் கெடக்கு.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்குறப்ப காதர் காக்கா மறுபடி வந்தாரு. நாற்காலி எங்கலேன்னு கேட்டுட்டுப் பாயில சம்மணம் போட்டு ஒக்காந்தாரு. ஒரு நிக்காஹ் பத்திப் பேச்சு வந்துச்சு. "பொண்ணு இன்னாரோட மூத்தவ மக"ன்னு அவரு சொன்னாரு. அலமாரிக்கு அந்தப் பக்கம் இருந்து, "மூத்தவ மக இல்ல காக்கா, எளையவ மக. மூத்தவளுக்கு ஆம்பளைப் புள்ளைங்கதான்"னு சத்தம் வந்துச்சு. காக்கா ஒரு நிமிஷம் அலமாரியை மரியாதையாப் பாத்தாரு. அப்புறம் அது பக்கமாத் திரும்பி ஒக்காந்துட்டாரு. அந்தப் பொண்ணு யாரு, அவ மாப்பிள்ளை யாரு, அந்தக் கெணத்துத் தகராறு என்ன ஆச்சுன்னு அஸர் வரைக்கும் ரெண்டு பேருக்கும்தான் பேச்சு. உள்ள அவ கறிவேப்பிலை உருவுற சத்தம் கேட்டுச்சு. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. வாங்கி வச்ச டீயை ஆறிப்போறதுக்குள்ள குடிச்சேன்.

கப்பல் போற அன்னைக்குக் காலையில வேலைக்குக் கெளம்புறப்ப நான் வாசல்ல நின்னேன். முந்தின நாளே ஆபீஸ்ல சொல்லி எடம் போட்டு வச்சிருந்தேன். அது வாக்கு. பெட்டி இன்னும் பரண்லதான் இருந்துச்சு. அதை எறக்கணுமான்னு கேட்டேன். மைமூன் பாயைக் கயித்துல போட்டுக்கிட்டே, மேற்கால இருக்குற செவரை அண்ணாந்து பாத்தா.

"சாயங்காலம் வாரப்ப ரெண்டு இஞ்ச் ஆணி கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. இந்தச் செவத்துல ஒரு பலகை அடிக்கணும்."

சரின்னுட்டு எறங்கிட்டேன். திருப்பிக் கேட்டா மனசு மாறிரும்னு பயம். ஹார்பர்ல மத்தியானம் கப்பல் சங்கு ஊதுனப்ப குடோன்ல பெட்டிக்கு மேல ஒக்காந்துட்டேன். கூட இருந்தவங்க தண்ணி குடுத்தாங்க. சாயங்காலம் தேவைக்கு மேல ஆணி வாங்கிட்டேன். ஒரு வீட்டையே அடிச்சு நிப்பாட்டுற அளவுக்கு.

பலகை அடிச்சு முடிஞ்சதும் மூணு பேரும் சஹனைச் சுத்தி ஒக்காந்து மீன் ஆணமும் சோறும் சாப்பிட்டோம். அப்புறம் மைமூன் பாயை எறக்கி விரிச்சா. நான் ஓரத்துல சாஞ்சேன். நடுவுல படுத்த பரீதா என்னையும் பாயையும் மாத்தி மாத்தி அளந்து பாத்துச்சு. அப்புறம் நல்ல தமிழ்லயே சொல்லுச்சு:

"நாங்க ஊருக்குப் போகலையாம், உம்மா சொல்லிருச்சு. நீங்க எப்பப் போவீங்க வாப்பா? நீங்க போனாத்தான் எனக்குக் காலை நீட்ட எடம் இருக்கும்."